இரண்டு முறை வராதவரின் பெயரை நீக்கிவிடலாமா? பதிவு மேசையிலிருந்து ஒரு கேள்வி

பதிவுமேசை:

வணக்கம். ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் 11 ஆண்டுகளாகப் பதிவு மேசையில் வேலை செய்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. பெயர், வயது, எந்த மருத்துவர், எந்தத் தேதி என்று பதிந்து சீட்டுக் கொடுப்பது என் வேலை. ஆனாலும் யார் வருகிறார்கள், யார் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் முன்பாக என் மேசைக்குத்தான் தெரியவரும்.

அடுத்த மாதம் எங்கள் நிர்வாகக் குழு ஒரு புதிய விதியை முடிவு செய்யப்போகிறது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் இரண்டுக்குமான தொடர் சிகிச்சைப் பிரிவில், குறித்த தேதிக்கு இரண்டு முறை வராதவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அவர் மறுபடி வர விரும்பினால் வேறொரு மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, புதிய நோயாளியைப்போல வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். இனி முன்பதிவும் கைபேசிச் செயலி வழியாக மட்டும்தான். தினமும் பல இடங்கள் வீணாகின்றன, வெளியே மற்றவர்கள் காத்துக்கிடக்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதை நான் மறுக்கவில்லை. காலியாகப் போகும் நேரங்களை நானும்தான் தினமும் பார்க்கிறேன்.

விதி வருவதற்கு முன்பே, இரண்டு முறை வராதவர்களின் பட்டியலை எடுத்துவைக்கச் சொன்னார்கள். எடுத்தேன். மூன்று பக்கம் வந்தது. தாளைக் கையில் வைத்துப் பார்த்தபோது பாதிப் பெயர்களுக்கு முகம் நினைவுக்கு வந்தது. மேலாளரிடம் அனுமதி வாங்கி, வேலை முடிந்தபின் மேசைத் தொலைபேசியிலிருந்தே ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன். சில எண்கள் உயிரோடு இல்லை. எடுத்தவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஒரு பெண் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். எங்கள் பிரிவு காலையில் மட்டும் நடக்கிறது. முதல் முறை இங்கே வந்ததில் ஒரு நாள் கூலி போயிற்று. அடுத்த முறை விடுப்புக் கேட்டபோது, “இனி வரவே வேண்டாம்” என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதன்பின் அவர் வரவில்லை. “இருக்கிற மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டுக்கொள்கிறேன் அம்மா, ரொம்ப நாள் வரும்” என்றார். என்னைச் சமாதானப்படுத்துவதுபோல அதைச் சொன்னார்.

ஒரு பெரியவருக்கு எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் படித்துக் காட்டியிருக்கிறான். “தங்கள் மீளாய்வு நிர்ணயிக்கப்பட்டுள்ளது” என்ற வரி அவனுக்கும் விளங்கவில்லை. வரச் சொல்கிறார்களா, வரவேண்டாம் என்கிறார்களா என்று இருவரும் யோசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்கள்.

இன்னொருவருக்குப் போன முறை இங்கே திட்டு விழுந்திருக்கிறது. சர்க்கரை ஏறியிருந்ததற்காக எல்லோர் முன்னாலும். அவர் அதிகம் பேசவில்லை. “மறுபடியும் அதைக் கேட்கவா வரவேண்டும்?” என்று மட்டும் கேட்டார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது நான்காவது அழைப்பு. அவர் சக்கர நாற்காலியில் வருகிறவர். எங்கள் பிரிவு முதல் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி பழுதாகிக் கிடந்த மாதங்கள் அவை. குறித்த இரண்டு தேதிகளிலும் அவர் வந்திருக்கிறார். படிக்கட்டுவரை வந்து, மேலே ஏற்றிவிட ஆள் கிடைக்காமல் காத்திருந்து, திரும்பிப் போயிருக்கிறார். பதிவேட்டில் அவருக்கு நேராக இரண்டு முறையும் “வரவில்லை” என்று இருக்கிறது. அந்த இரண்டையும் பதிந்தது நான்தான். மேலே உட்கார்ந்து, அவர் கீழே இருப்பது தெரியாமல் பதிந்திருக்கிறேன்.

கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் படித்தவர்கள், நல்லவர்களும்கூட. ஆனால் அவர்களிடமிருந்து ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: “சிகிச்சை இலவசம், மருந்து இலவசம். இவ்வளவு செய்தும் வராதவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்?” முன்பதிவுக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு, வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஓர் உறுப்பினர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது? வேறு எங்காவது இதே சிக்கலைச் சந்தித்து வழி கண்டவர்கள் இருக்கிறார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வீட்டுவாசல்:

அன்புத் தங்கைக்கு,

31 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். அதில் பெரும்பகுதி வீடுவீடாகப் போய்ப் பார்த்த வேலை. உன் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த மூன்று பக்கத் தாளைக் கையில் எடுத்ததும் தொலைபேசியை எடுத்தாயே, கூட்டத்தில் இருக்கப்போகிற யாரும் செய்யாத ஆய்வு அது. படிப்பில்லை என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்ளாதே.

“இலவசம்தானே” என்பதற்குப் பதில் உன் நோட்டிலேயே இருக்கிறது. மூன்று வீடுகளில் வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கு உங்கள் இலவச மருந்தின் விலை ஒரு நாள் கூலியும் ஒரு வேலையும். அந்த விலையைக் கணக்கில் எழுத உங்கள் பதிவேட்டில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும் என்றால் ஹெய்ட்டி நாட்டில் நடந்ததைச் சொல். 1980களின் கடைசியில் கான்ஜ் என்ற மலைக்கிராமத்தில் பால் ஃபார்மர் என்ற மருத்துவரும் ஹெய்ட்டியைச் சேர்ந்த அவருடைய தோழர்களும் காசநோய்க்கு இலவசமாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் சிலர் இறந்துபோனார்கள். ஏன் என்று உட்கார்ந்து பேசியபோது, படித்த ஊழியர்கள் நோயாளிகளின் நம்பிக்கைகளைக் காரணமாகச் சொன்னார்கள். சூனியத்தால் நோய் வருகிறது என்று எண்ணுகிறவர்கள் மாத்திரையைத் தொடரமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். அந்த மக்களோடு மக்களாக வாழ்ந்த சுகாதாரப் பணியாளர்கள் வறுமைதான் காரணம் என்றார்கள். இரண்டில் எது சரி என்று பார்த்தே விடுவது என்று முடிவெடுத்தார்கள். இரண்டு பகுதி நோயாளிகளுக்கும் அதே மருந்து, அதுவும் இலவசமாக. ஒரு பகுதிக்கு மட்டும் கூடுதலாகப் பணியாளர் வீடு தேடிப் போனார், சத்துணவு கொடுத்தார்கள், பயணச் செலவுக்கும் மாதச் செலவுக்கும் ஒரு தொகை கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் எல்லோரும் குணமானார்கள். மருந்து மட்டும் பெற்ற பகுதியில் குணமானவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். சூனியத்தை நம்பினவர்களும் நம்பாதவர்களும் மாத்திரை போட்டதில் வேறுபாடு இருக்கவில்லை. ஃபார்மர் 2022இல் காலமானார். நோயாளிக்குத் துணையாக நடப்பதும் சிகிச்சைதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர்.

அந்தச் சிறு தொகை யோசனையை மட்டும் எப்படியாவது தடுத்துவிடு. பலரும் அதை நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுப்பதில் இதைச் சோதித்துப் பார்த்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இலவசமாகக் கொடுத்ததை 0.60 டாலருக்கு விற்றபோது வாங்கியவர்கள் நூற்றுக்கு 60 பேர் என்ற அளவில் குறைந்துபோனார்கள். சும்மா கிடைத்ததை மதிக்கமாட்டார்கள் என்ற பேச்சும் பொய்த்துப் போயிற்று. இலவசமாகப் பெற்றவர்களும் காசு கொடுத்து வாங்கியவர்களைப் போலவே வலையைப் பயன்படுத்தினார்கள். இதற்கு முன்பே 1970களில் தொடங்கி அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் நடத்திய பெரிய சோதனையிலும் கட்டணம் வைத்ததும் மக்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். தேவையில்லாததை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் சேர்த்துத்தான். இரத்த அழுத்தம் உள்ள ஏழைகளுக்குக் கட்டணமில்லாத சிகிச்சையில்தான் அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. உங்கள் பிரிவும் அதே நோயைப் பார்க்கிற பிரிவுதானே? திரும்பக் கிடைக்கும் தொகை என்றாலும், காலையில் அதைக் கையில் வைத்திருக்க வேண்டுமே. இல்லாதவர் அதையும் கடன் வாங்கிக்கொண்டு வரமாட்டார், வீட்டிலேயே இருந்துவிடுவார்.

இன்னொரு மனிதரைப் பற்றியும் சொல்ல ஆசை. ஜூலியன் டியூடர் ஹார்ட், பிரிட்டனின் வேல்ஸில் கிளின்காரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்து மருத்துவர். 1971இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். தலைகீழ்க் கவனிப்பு விதி என்று அதற்குப் பெயரும் வைத்தார். எழுதியதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இருமலுக்கு வந்தாலும் காயத்துக்கு வந்தாலும் வந்தவரின் இரத்த அழுத்தத்தை அளந்துவிடுவார். மீதிப் பேரைத் தேடிப் போய் அளந்தார். தன் பொறுப்பில் உள்ள எல்லோருடைய பெயரும் அவரிடம் இருந்தது. வந்தவர்களை மட்டும் அவர் தன் நோயாளிகளாக எண்ணவில்லை. உன் மூன்று பக்கத் தாளை நீக்கல் பட்டியல் என்று கூட்டத்தில் சொல்லாதே. தேட வேண்டியவர்களின் பட்டியல் என்று சொல்.

பிரேசில் இதை ஓர் அமைப்பாகவே செய்தது. 1988 அரசியலமைப்பில் உடல்நலம் எல்லோருடைய உரிமை, அரசின் கடமை என்று எழுதினார்கள். 1994இல் குடும்ப நலத் திட்டம் வந்தது. அந்தந்தப் பகுதியிலேயே வாழ்கிற ஒரு சமூகச் சுகாதாரப் பணியாளரின் பொறுப்பில் அதிகம் போனால் 750 பேர் இருந்தார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் போக வேண்டியிருந்தது. உடம்பு நன்றாக இருந்தாலும் போக வேண்டியிருந்தது. அப்படிப் போகிறபோதுதான் வராமல்போனவரின் கதை நமக்குத் தெரியும்.

இனி வேலைக்கு வருவோம். இவற்றில் இரண்டு நடந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். பதிவேட்டில் “வரவில்லை” என்பதற்குப் பக்கத்தில் “காரணம்” என்று ஒரு கட்டம் வேண்டும், அது காலியாக இருந்தால் பெயரை நீக்கக் கூடாது. நடக்க முடியாதவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது மருத்துவர் கீழ்த்தளத்துக்கு இறங்கி வரட்டும். மாலை நேரம் ஒரு நாள். கடிதத்தில் மூன்று வரி போதும்: என்று வரவேண்டும், எங்கே வரவேண்டும், முடியாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். அந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்து வீட்டுப் பையனிடம் படிக்கக் கொடு.

பேச்சைச் சக்கர நாற்காலிக்காரரிடமிருந்து தொடங்கு. “வரவில்லை என்று நான் பதிந்த ஒருவர் கீழே நின்றுகொண்டிருந்தார்” என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இரு.


புறநோயாளிப்பிரிவு மருத்துவர்:

சகோதரி, நான் நீங்கள் சொல்லும் கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற வகையைச் சேர்ந்தவன். வேறு மருத்துவமனைதான், ஆனால் இதே விதிக்கு ஒருமுறை ஆதரவாகக் கை தூக்கியிருக்கிறேன். அந்தப் பக்கத்து நியாயத்தையும் நீங்கள் கேட்க வேண்டும்.

காலையில் எனக்கு ஒதுக்கியிருக்கும் நேரத்தில் ஒருவருக்கு ஏழு நிமிடம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. நடுவே நான்கு பேர் வராமல் போனால், அந்த நான்கு இடங்களுக்காக இரண்டு மாதம் காத்திருக்கிறவரும் ஏழைதான். அவருடைய காலில் புண் இருக்கலாம். அவர் உங்கள் நோட்டில் இல்லை, ஏனென்றால் அவருக்கு இன்னும் முதல் தேதியே கிடைக்கவில்லை. பெயரை நீக்காமல் வைத்திருப்பதால் அவர்மீது சுமை ஏறுகிறது. கூட்டத்தில் யாராவது இதைச் சொல்வார்கள், அப்போது உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

நான் கண்ட பதில் இது. ஒரு நாளின் எல்லா இடங்களையும் முன்பதிவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியை அன்றன்றைக்கு வருகிறவர்களுக்காகத் திறந்து வையுங்கள். கூலிக்குப் போகிறவருக்கு மூன்று மாதம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை தனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. இன்று வேலை இல்லை என்பது இன்று காலையில் தெரியும். இன்று வந்தால் பார்ப்போம் என்றால் அவர் வருவார். தேதி எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு பேர் வராமல் போகிறார்கள், இது என் சொந்த அனுபவம். எங்கள் பிரிவில் இதைச் செய்தபோது காலி இடங்கள் குறைந்தன. வராதவர்கள் நல்லவர்களாக மாறிவிட்டார்கள் என்பதால் குறையவில்லை. நாங்கள் கொடுத்த தேதி அவர்களுடைய வாழ்க்கைக்குப் பொருந்தத் தொடங்கியது.

ஒரு எச்சரிக்கை. வர முடியாதவருக்கு மருந்தை மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் எழும். அழுத்தம் நிலையாக இருப்பவருக்கு இரண்டு, மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறவரின் சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், உணர்ச்சி இழந்த பாதத்தில் புண் வந்தால் அவருக்கே தெரியாது. ஏழைக்குக் குறைந்த மருத்துவம் போதும் என்று அது ஆகிவிடக் கூடாது. அந்த மூன்று வீட்டு வேலை செய்யும் பெண்ணை யாராவது நேரில் பார்த்தாக வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் போடும் மாத்திரையால் அழுத்தம் கட்டுப்படாது. ஒரு நாள் காலையில் பக்கவாதத்தோடு அவசரப் பிரிவுக்கு வருவார், அப்போது யாரும் பரிந்துரைக் கடிதம் கேட்கமாட்டார்கள்.

எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவரைப் பற்றிப் படித்தபோது நிறுத்திவிட்டு எழுந்து போனேன். அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். களைப்பு என்று சொல்லிக்கொள்வேன். அவர் மறுபடி வராததை இதுவரை அதனோடு சேர்த்துப் பார்த்ததில்லை.


நிரலெழுதுபவர்:

செயலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரியும்.

அது ஒரு கூடுதல் வாசலாக இருந்தால் நல்லது. அதைத் தவிர வேறு வாசல் இல்லை என்றால், வீட்டில் ஒரே கைபேசி இருந்து அது மகன் கையில் இருப்பவர், எண்ணை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பவர், கண் தெரியாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் எல்லோரும் வெளியே நிற்பார்கள். தொலைபேசி எண்ணும் உங்கள் மேசையும் இருந்தே ஆக வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்றைக் கூட்டத்தில் கட்டாயம் கேளுங்கள்: யார் வராமல் போவார் என்று முன்கூட்டியே கணிக்கும் வசதி அந்தச் செயலியில் இருக்கிறதா? இப்போது பல நிறுவனங்கள் அதைச் சேர்த்து விற்கின்றன. பழைய பதிவேட்டைக் கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும். வரமாட்டார் என்று கணித்தவரின் நேரத்திலேயே இன்னொருவருக்கும் இடம் கொடுத்துவிடும். அவர் சிரமப்பட்டு வந்து நின்றால் இரண்டு பேருக்கு ஒரே நேரம். மணிக்கணக்கில் காத்திருப்பார். அடுத்த முறை உண்மையாகவே வராமல் போவார், கணிப்பு சரியாகிவிட்டது என்று கணினி எடுத்துக்கொள்ளும். உங்கள் சக்கர நாற்காலிக்காரரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இரண்டு “வரவில்லை” இருக்கிறது. மின்தூக்கி பழுது என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை.

இது வெறும் அச்சமல்ல. 2019இல் சயன்ஸ் என்ற அறிவியல் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்கப் பரவலாகப் பயன்பட்டுவந்த ஒரு கணினி நிரல், ஒருவருக்கு ஆன மருத்துவச் செலவை வைத்து அவருடைய நோயின் அளவைக் கணித்தது. மருத்துவரிடம் எளிதில் போய்ச்சேர முடியாதவருக்குச் செலவு குறைவாகத்தான் ஆகியிருக்கும். அதனால் அவர் ஆரோக்கியமானவர் என்று அது எடுத்துக்கொண்டது. கூடுதல் கவனிப்புக்குத் தேர்வானவர்களில் கறுப்பின மக்கள் 17.7 சதவீதம். அந்தக் கோணலைச் சரிசெய்தால் அது 46.5 சதவீதமாக உயர்ந்திருக்கும். நிரலில் இனம் பற்றிய தகவலே கொடுக்கப்படவில்லை. அநீதி தரவுக்குள்ளேயே இருந்தது.

ஆகவே வீட்டுவாசல் அம்மா சொன்ன “காரணம்” கட்டம் மிக முக்கியமானது. அது வராமல் பழைய பதிவேட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.


மூன்றாம் வரிசை:

நான் பேச்சை எழுத்தில்தான் கேட்பேன், எனக்குக் காது கேட்காது.

ஒரு மருத்துவமனையில் காலையிலிருந்து மூன்றாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சீட்டைக் கையில் வைத்திருந்தேன். எல்லோரும் போனபிறகு துடைக்க வந்தவர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். உள்ளே போய்ச் சீட்டை நீட்டினேன். என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்களாம், பதில் இல்லாததால் “வரவில்லை” என்று பதிந்துவிட்டார்களாம். அதைத் தாளில் எழுதிக் காட்டினார்கள். நான் பதிவு செய்யும்போதே “காது கேட்காது” என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அடுத்த முறையும் அப்படியே ஆயிற்று. மூன்றாவது முறை நான் போகவில்லை. அந்த ஒரு முறைதான் உண்மையாக வரவில்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் எண் தெரியும் ஒரு பலகை. அல்லது யாராவது ஒருவர் எழுந்து வந்து தோளைத் தொட்டால் போதும்.

பதிவுமேசை அக்கா, உங்கள் நோட்டில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் அழைத்துத்தானே எல்லோரையும் கேட்டீர்கள்? உங்கள் பட்டியலில் என்னைப்போல ஒருவர் இருந்தால் அந்த அழைப்பை அவர் எடுத்திருக்கமாட்டார்.


பதிவுமேசை:

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை. நேற்றுத்தான் கூட்டம் முடிந்தது.

மூன்றாம் வரிசை எழுதியதைப் படித்த அன்றே, தொலைபேசியை எடுக்காதவர்களின் பெயர்களைத் தனியாக எடுத்துப் பழைய பதிவுச் சீட்டுகளோடு ஒப்பிட்டேன். இரண்டு சீட்டுகளில் “காது கேட்காது” என்று ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது. கணினியில் ஏற்றும்போது அதற்குக் கட்டம் இல்லாததால் விட்டுப்போயிருக்கிறது. ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

கூட்டத்தில் வீட்டுவாசல் அக்கா சொன்னபடி சக்கர நாற்காலியிலிருந்துதான் தொடங்கினேன். ஆனால் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை, குரல் உடைந்துவிட்டது. “மின்தூக்கி பழுதான மாதத்தில் நாம் எத்தனை பேரை வரவில்லை என்று பதிந்தோம்?” என்று தலைமை மருத்துவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அதன்பின் பத்து நிமிடம் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நடந்ததையும் நடக்காததையும் சொல்கிறேன். சிறு தொகை யோசனையைச் சொன்னவரே திரும்பப் பெற்றுக்கொண்டார், கொசுவலைச் செய்தியை அவர் அறிந்திருக்கவில்லை. பெயர் நீக்கம் ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் “காரணம்” என்ற கட்டத்தைச் சேர்த்து, ஒவ்வொருவரையும் குறைந்தது இரண்டு வழிகளில் தொடர்புகொள்ள வேண்டும். வியாழக்கிழமைகளில் ஒரு மருத்துவர் கீழ்த்தளத்தில் உட்காருவார். தினமும் சில இடங்கள் அன்று வருகிறவர்களுக்கு. எத்தனை என்பதில் இன்னும் இழுபறி. செயலி வரும், மேசையும் இருக்கும். கணிப்பு வசதி உண்டா என்று கேட்டேன், விற்பனையாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாலைநேரப் பிரிவுக்கு ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். எண் பலகைக்குப் பணம் ஒதுக்கவில்லை. அதுவரை பெயர் கூப்பிட்டும் வராதவர்களை நானே எழுந்துபோய் நாற்காலி வரிசைகளில் பார்க்கிறேன்.

இன்று காலை சக்கர நாற்காலிக்காரரை அழைத்து வியாழக்கிழமை பற்றிச் சொன்னேன். “கீழேதானே? நிச்சயமாகக் கீழேதானே?” என்று மூன்று முறை கேட்டார்.

மாலைநேரம் கிடைக்காததால் அந்த மூன்று வீட்டுப் பெண்ணுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. அன்றன்றைக்கு வரலாம் என்று சொல்லவாவது அழைத்தேன். எண் இப்போது வேலை செய்யவில்லை. முகவரி இருக்கிறது. மேலாளர் போய்ப் பார்க்க அனுமதி கொடுத்துவிட்டார், கூட ஒரு செவிலியரையும் அனுப்புகிறார். அக்கா, எனக்கு இதில் பழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவருடைய நோய் தெரியாமல் எப்படி விசாரிப்பது?


வீட்டுவாசல்:

தங்கையே, சீருடையில் போகாதீர்கள். மருத்துவமனைப் பெயர் எழுதிய பையும் வேண்டாம். யாராவது கேட்டால் அவருக்குத் தெரிந்தவர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், எந்தப் பிரிவு, என்ன மாத்திரை என்று வாசலில் பேசக் கூடாது. வீட்டில் வேறு ஆட்கள் இருந்தாலும் அவரிடம் தனியாகத்தான். அவர் வேண்டாம் என்று சொன்னால் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள், கோபித்துக்கொள்ளாமல்.

செவிலியரிடம் இரத்த அழுத்தம் அளக்கும் கருவியை எடுத்துக்கொள்ளச் சொல். மருத்துவரிடம் முன்பே பேசி, மாத்திரையையும் கையோடு கொண்டுபோக முடியுமா என்று பார். பகலில் போகாதே, மூன்றாவது வீட்டு வேலை முடிந்து அவர் திரும்பியிருக்கமாட்டார். இருட்டத் தொடங்கும்போது போ. போனதும் முதலில் அவரைச் சற்று உட்காரச் சொல், அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது ஓய்வு வேண்டும்.